சம்பளம் 30 டாலர், வீட்டுக்கு 25

அக்கா பையன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். கல்லூரி கோடை விடுமுறையில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா விடுதியில் வேலையாம். "காட்டுக்குள்ள போய் என்ன வேலை?" என்று அக்கா போனில் ஒரே புலம்பல். எனக்கோ 1933 ஞாபகம் வந்தது.

அந்த வருடம் மார்ச் 6. ரூஸ்வெல்ட் அதிபராகி இரண்டே நாள். நாட்டின் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை விட்டார். (நம்ம துறை, அதனால் மறக்காது!) அதே மாதம் 31-ம் தேதி இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் பிறந்ததுதான் சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்.

வேலையில்லாத, மணமாகாத 18 முதல் 25 வயது இளைஞர்களை ஆறு ஆறு மாதமாகச் சேர்த்துக்கொண்டார்கள். தேசியப் பூங்காக்களிலும் காடுகளிலும் முகாம். மரம் நடுவது, பாதை போடுவது, காட்டுத்தீ அணைப்பது வேலை. ஷெனண்டோவா பூங்காவின் ஸ்கைலைன் டிரைவ் சாலையோரக் கற்சுவர்கள் இவர்கள் கட்டியவை. 1942-ல் கலைக்கப்படும்வரை சுமார் 30 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள்.

குறையும் உண்டு. கறுப்பின இளைஞர்களுக்குப் பெரும்பாலும் தனி முகாம். பெண்களுக்கு இடமே இல்லை.

சாப்பாடு, உடை இலவசம். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் சுமார் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும்! பையன் காட்டில் உழைக்க, ஊரில் அடுப்பு எரிந்தது.

2004-ல் நாக்பூரில் எனக்கு முதல் போஸ்டிங். வங்கி வேலைதான், ஆனால் எங்கள் ஊரில் வங்கிக் கிளை கிடையாது. மெஸ் பில் போக மீதி மணியார்டரில் போகும். அம்மா கையெழுத்துடன் ரசீதுத் துண்டு திரும்பி வரும். அதைப் பார்த்தால்தான் அந்த மாதம் முடிந்த மாதிரி.

உங்கள் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு போனது?