மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பமா? மிருதங்கத்தையும் சொல்லலாம்!

"மிருதங்கம் வாசிப்பேன்" என்று ஒரு வரி போட்டால் போதுமா? போதாது.

சிங்கப்பூரில் மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் மட்டும் போதாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, அடுத்தடுத்துப் பல குட்டி நேர்காணல்களை நடத்துகிறது. எழுதியதைப் பற்றிப் பேசத் தெரியணும்.

எப்படி எழுதலாம்?

- எத்தனை ஆண்டு கற்றீர்கள், யாருக்காக வாசித்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.
- மேடையில் தாளம் தப்பியபோது எப்படிச் சமாளித்தீர்கள்? வாங்கிய பரிசைவிட அதுவே உங்களைக் காட்டும்.
- "மிருதங்கம் வாசித்ததால் அறுவை சிகிச்சைக்குக் கை பழகிவிட்டது" என்றெல்லாம் இழுத்து ஒட்ட வேண்டாமே!
- பாதியில் விட்டுட்டீங்களா? மறைக்காதீர்கள். நேர்காணலில் ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மருத்துவப் படிப்பு 5 ஆண்டு. இடம் கிடைத்ததும் மிருதங்கத்தை மூட்டை கட்டிடாதீங்க; மனம் களைக்கும் நாளில் அதுதான் துணை.