பிரிவு 23: எழுதிக் கொடுத்த பின்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடம் மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்ற அளவில் பலருக்கு அதைத் தெரியும். சட்டம் அதற்கு வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். வீட்டையோ நிலத்தையோ ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் படிக்க வேண்டியது 23ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. ஒரே நீள வாக்கியம். தமிழில் அதன் பொருள் இப்படி வரும்:

“இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, மூத்த குடிமகன் ஒருவர், தம் அடிப்படை வசதிகளையும் உடல் சார்ந்த தேவைகளையும் பெறுபவர் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, தானமாகவோ வேறு வகையிலோ சொத்தை மாற்றிக் கொடுத்திருந்து, பெற்றவர் அதை மறுத்தாலோ செய்யத் தவறினாலோ, அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கொள்ளப்படும், கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என அறிவிக்கும்.”

‘நடைமுறைக்கு வந்த பிறகு’: ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நாள் குறித்து இச்சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

‘மூத்த குடிமகன்’: 60 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள், ஆணும் பெண்ணும். 

‘தானமாகவோ வேறு வகையிலோ’: நம்மூரில் இது பெரும்பாலும் தான செட்டில்மெண்ட். உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் இந்தப் பிரிவின் கீழ் வழக்காகியிருக்கிறது. உயில் இதில் சேராது, சேர வேண்டிய தேவையும் இல்லை. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையதுதான். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் அப்படியன்று. பதிவு முடிந்து, பெற்றவர் ஏற்றுக்கொண்ட பின், கொடுத்தவர் தனியாகச் சார்பதிவாளர் அலுவலகம் போய் ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது. “உயிலுக்கு நாளைக்கு வழக்கு வரும், இப்போதே செட்டில்மெண்ட் போட்டுவிடுங்கள்” என்று சொல்பவர்கள் பெறுபவரின் பக்கமிருந்து பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

‘என்ற நிபந்தனையோடு’: வழக்குகள் வெல்வதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். வழக்கமான செட்டில்மெண்ட் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அன்பினாலும் பிரியத்தினாலும் கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். இன்று முதல் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு வரி. பின்னால் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை என்று இன்னொன்று. அம்மாவுக்குச் சோறு போட வேண்டும் என்று எங்குமே இருக்காது. பெற்ற பிள்ளையிடம் போய் அதை எழுதி வாங்குவதா என்ற கூச்சம்.

அந்தக் கூச்சத்தின் விலை 2022 டிசம்பரில் தெரிந்தது. தாய் ஒருவர் மகள்களுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் பற்றிய வழக்கில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததைக் காட்டாமல் 23ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் அதே நீதிமன்றத்தில் வென்றார். மகன் தன்னைப் பார்த்துக்கொள்வதைத் தானப் பத்திரமே சொல்லியது. தவறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் எழுதியதாக உறுதிமொழித் தாள் ஒன்றையும் அவர் காட்டினார். மகன் அந்தத் தாளை மறுத்தும் பயனில்லை. முதியோருக்கு ஆதரவான சட்டத்தை அவர்களுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பினால் கொடுத்தேன் என்றாலே, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கிவிட்டது. தனியே எழுதியிருக்கத் தேவையில்லை என்றது. தாய் தகப்பனின் மனசு தெரிந்த தீர்ப்பு. ஆனாலும் 2022 தீர்ப்பு பக்கத்திலேயே நிற்கிறது. இனிமேல் எழுதப்போகிறவர் அன்பு என்ற சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது.

‘அடிப்படை வசதிகள்’: பிரிவு இதற்கு விளக்கம் தரவில்லை. சட்டத்தில் பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். ஆகவே பத்திரத்தில் அவற்றைப் பேர் சொல்லி எழுதுவதே நல்லது.

‘மோசடியால் நடந்ததாகக் கொள்ளப்படும்’: சிவில் நீதிமன்றத்தில் மோசடி என்றால் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே நிபந்தனையும் அது மீறப்பட்டதும் தெரிந்தால் மிச்சத்தைச் சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. “என் மகன் என்னை ஏமாற்றிவிட்டான்” என்று ஒரு தகப்பன் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாக்கியத்தை எழுதியவர்களின் கருணை இதில்தான் தெரிகிறது.

‘கொடுத்தவர் விரும்பினால்’: விருப்பம் அவருடையது. சொத்துப் பங்கு கிடைக்காத மற்ற பிள்ளைகளின் கோபம் இங்கே செல்லாது.

‘தீர்ப்பாயம்’: தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தாமே முயல இயலாதவருக்காகப் பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு மனுக் கொடுக்கலாம். தேவையானால் வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2025 ஜனவரித் தீர்ப்பு தெளிவாக்கியது.

எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “என் ஆயுள் வரை இவ்வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு, என் உணவு, மருத்துவம் ஆகியவற்றைப் பெறுபவர் கவனிக்க வேண்டும், தவறினால் இப்பத்திரம் ரத்தாகத் தக்கது” என்ற கருத்து வரும்படி பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். வரைவைப் பதிவு நாளுக்கு முன்பே வாங்கி, யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வரி இல்லையென்றால், சேர்த்துத் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.