சோழர் ஓவியமும் மேல்பூச்சும்

தஞ்சைப் பெரிய கோயில் என்றதும் விமானமும் நந்தியும்தான் நினைவுக்கு வரும். கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றின் ஓவியங்களைப் பார்த்தவர்கள் குறைவு.

1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில் இது. கருங்கல் சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் வண்ணம் தீட்டினார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகும்போது வண்ணத்தையும் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் திருத்துவது கடினம். சுந்தரர் கதையும் திரிபுரம் எரித்த சிவனும் இப்படி வரையப்பட்டவைதான்.

பிறகு நாயக்கர் காலத்தில் அதன்மேலேயே புதுப்பூச்சு பூசி வேறு ஓவியம் வரைந்தார்கள். சோழர் ஓவியம் மறைந்தே போனது. 1931-இல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி அது அடியில் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

இங்கேதான் சிக்கல். சோழரைப் பார்க்க நாயக்கரை அழிக்கலாமா? இரண்டும் வரலாறுதானே! இந்தியத் தொல்லியல் துறை நாயக்கர் ஓவியங்களை அடுக்காகப் பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டி, இரண்டையும் காப்பாற்றியது.

எல்லாக் கோயிலுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. திருப்பணி என்று வெள்ளையடித்ததில் பல ஊர்களில் பழைய சுவரோவியங்கள் போய்விட்டன. தூரிகையை எடுக்குமுன் அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தால் என்ன?