சுங்கம் தவிர்த்த சோழன்

வேளாங்கண்ணிக்கு வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினம், சோழப் பேரரசின் கடல்வாயிலாக விளங்கிய துறைமுகம். அதன் வரலாற்றைப் பேசுவோர், 1025ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திக் கடாரம் வென்ற முதலாம் இராசேந்திரனையே பெரிதும் போற்றுவர். அவனுடைய மகள்வயிற்றுப் பேரனாகிய முதலாம் குலோத்துங்கன் அதே கடலை வேறொரு வழியில் தன்வயப்படுத்தினான்.

கீழைச் சாளுக்கிய வேந்தன் இராசராச நரேந்திரனுக்கும் அம்மங்கைதேவிக்கும் பிறந்த இவன், நாடு கலங்கியிருந்த 1070இல் சோழ அரியணை ஏறினான். ஈழமும் அக்காலத்தே விசயபாகுவின் வசமாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்ட குலோத்துங்கனுக்கு அது மீண்டும் வாய்க்கவில்லை. ஆயினும் கடல்வாணிகம் தளரவில்லை. 1077இல் 72 பேர் அடங்கிய சோழத் தூதுக்குழு சீனம் சென்றது. 1088இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தனர். 1090இல் கடாரத்து அரசனின் தூதர் இருவர் வந்து வேண்ட, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரிகளைக் குலோத்துங்கன் நீக்கினான். லைடன் சிறிய செப்பேடு இதற்குச் சான்று. பாட்டன் படைகொண்டு சென்ற நாட்டினர் பேரனிடம் தூதுவராய் வந்தனர்!

இதே நாளில் இத்தாலியில் வெனிசு நகரத்தார் தம் தலைவனைத் தாமே தேர்ந்துகொண்டனர். 1071 முதல் 1084 வரை தலைமை தாங்கிய தொமெனிக்கோ செல்வோ, நார்மானியரை எதிர்க்கப் பைசாந்தியப் பேரரசனுக்குக் கப்பற்படை உதவினான். அதற்குக் கைம்மாறாக 1082இல் அப்பேரரசில் வெனிசு வணிகர் சுங்கமின்றி வாணிகம் செய்யும் உரிமை பெற்றனர். அங்கே சுங்கவிலக்கு போர்த்துணைக்குக் கிடைத்த விலை. இங்கே அரசனே தனக்கு வரவேண்டிய சுங்கத்தைத் தவிர்த்தான். ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்பது அவன் சிறப்புப்பெயராயிற்று.

எனினும் இதனை வெறும் வள்ளன்மை என்று கொள்வது பொருந்தாது. 1086இல் நாட்டு நிலங்களை அவன் அளப்பித்தான். கடல்துறையில் விட்ட பொருளைக் காவிரிக் கழனியில் ஈட்ட எண்ணினானோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. வணிகர் வாழ்த்திய அவ்வாட்சியை உழவர் எவ்வாறு நினைத்தனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இறுதிக் காலத்தில் கங்கபாடியும் வேங்கியும் கைநழுவின. நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியின் எஞ்சிய கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பரணியாக்கினார். சுங்கம் தவிர்த்த செயலுக்கு அத்தகைய தனிக்காவியம் எழவில்லை. அச்செயல் ஒரு பெயராக மட்டுமே வாழ்கிறது. களத்தில் வென்றதைப் பாடிய தமிழ், துறையில் விட்டுக்கொடுத்ததையும் ஒருநாள் பாடுமாயின், அவ்வரசனின் வரலாறு நிறைவு பெறும்.