அட்டையும் பேரமும்

பேஸ்பால் அட்டை பிறந்தபோது அதற்கு விலை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள், பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே செருகிய கெட்டி அட்டையில் ஆட்டக்காரர்களின் படங்களை அச்சடித்தன. புகைத்தது அப்பா, அட்டைக்குக் கை நீட்டியது பிள்ளை. இன்று இணையத்தில் இரண்டு பேர் ஓர் அட்டைக்குப் பேரம் பேசி மனம் கசந்து விலகும்போது, இலவசமாக வந்த ஒரு பொருளுக்கு விலை சொல்கிற உரிமை யாருடையது என்ற பழைய தகராறுதான் அங்கே தொடர்கிறது என்று எனக்குப் படுகிறது.

சிறுவர்கள் அட்டைகளை விற்கவில்லை. மாற்றிக்கொண்டார்கள், எறிந்து ஆடி ஜெயித்தார்கள். அங்கே பேரம் உண்டு, விலை இல்லை. இவனைக் கொடுத்தால் அந்த இருவரையும் தருகிறேன் என்று பேசும்போது பேச்சில் வருவது ஆட்டக்காரனின் திறமை, அந்த வருஷம் அவன் ஆடிய ஆட்டம், அட்டையின் மடங்கிய மூலை. பேரம் முடியாமல் பிரிந்தாலும் பொருளைப் பற்றிக் கொஞ்சம் பேசியிருப்பார்கள். இந்தப் பேச்சு எப்படிப் படிப்படியாக இல்லாமல் போயிற்று என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதலில் வந்தவர் ஜெபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் மின்சாதனத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தவர், கீல்வாதக்காரர், மணமாகாதவர். சிதறிக் கிடந்த அட்டைகளுக்கு வரிசையும் பெயரும் தந்தவர் அவரே. 1909-லிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட தொகுதியை இன்றும் எல்லோரும் 'டி 206' என்கிறார்கள். அது அவருடைய 'அமெரிக்கன் கார்டு காட்டலாக்' இட்ட எண். இனங்களுக்கு எதிரே விலையும் எழுதினார். சாதாரண அட்டைக்குச் சில சென்டுகள். அதே தொகுதியில் ஹோனஸ் வாக்னருக்கு மட்டும் 50 டாலர். வாக்னர் தன் படத்தை அச்சடிக்க மறுத்துவிட்டதால் அது அபூர்வமாயிற்று. மறுத்ததற்குக் காரணம், சிகரெட்டுக்காகச் சிறுவர்கள் கெடக்கூடாது என்ற எண்ணமா, தமக்குப் பணம் தரவில்லை என்ற கோபமா என்பதில் இன்றும் இரு கட்சி. எழுதப்பட்ட விலை என்று ஒன்று வந்தவுடன், விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவே மூன்றாவது ஆளாகப் பட்டியல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் பர்டிக்கை வியாபாரத்தின் மூதாதை என்று சொல்லிவிடுவது அநியாயம். 1947-லிருந்து தம் சேகரிப்பு முழுவதையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். தாமே ஒட்டி வகைப்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மடங்காத விரல்களோடு வருஷக்கணக்கில் ஆல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் முடித்தார், மார்ச்சில் இறந்தார். 50 டாலர் என்று தாம் மதிப்பிட்ட வாக்னரும் அந்த மியூசியத்தில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்காக விலை எழுதியவர், தம்முடையதைச் சந்தைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

விலை என்பது எவ்வளவு தற்செயல் என்பதற்கு 1952-ம் வருஷத்து டாப்ஸ் தொகுதியே போதும். பருவத்தின் கடைசியில் வந்த அட்டைகள் விற்கவில்லை. அவற்றை உருவாக்கிய ஸை பெர்கர் பின்னாளில் சொன்னபடி, திருவிழாக் கடைக்காரர்களிடம் ஒரு சென்டுக்கு ஒன்று என்றும், பிறகு சென்டுக்குப் பத்து என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. 1960 வாக்கில் கிடங்கைக் காலி செய்ய, படகிலேற்றி அட்லாண்டிக்கில் கொட்டினார்கள். கடலுக்குப் போன வகையில் மிக்கி மாண்டிலின் அட்டையும் உண்டு. தப்பிய ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

1979-ல் ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர், டென்னிஸ் எக்கிஸோடு சேர்ந்து விலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். 1984-லிருந்து மாதப் பத்திரிகையும் வந்தது. தாழ்ந்த விலை, உயர்ந்த விலை என்று இரண்டு பத்திகள். ஏறினால் மேல்நோக்கி அம்பு, இறங்கினால் கீழ்நோக்கி. பன்னிரண்டு வயசுப் பையன்கூட ஆட்டக்காரனைப் பற்றிப் பேசுவதை விட்டு, பெக்கெட்டில் பாதி தருகிறேன் என்று பேச ஆரம்பித்தான். மிஞ்சியிருந்தது அட்டையின் நிலை பற்றிய விவாதம்: மூலை, மையம், கறை. 1991-ல் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் வந்து, அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டதோடு அதுவும் தீர்ந்தது. அந்நிறுவனம் முதலில் எண்ணிட்ட அட்டை ஒரு வாக்னர், எட்டு மதிப்பெண். 2007-ல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. 1985-ல் அதை வாங்கிய வியாபாரி பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களை வெட்டியதை 2013-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். மதிப்பெண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் அட்டையைப் பார்க்கவில்லை.

இப்படி விலையைப் பட்டியலும் நிலையை மதிப்பெண்ணும் எடுத்துக்கொண்டபின், பேரத்துக்கு வெறும் எண்தான் மிச்சம். 1995-ல் தொடங்கிய ஈபே முதலில் ஏலக்கடை. 2005-ல் அது, விற்பவரின் விலைக்குக் குறைத்துக் கேட்க ஒரு பொத்தான் வைத்தது. எழுதிய விலை 100; கேட்பது 35. பதில் இல்லை, அல்லது 98. சில சமயம் மறுப்பு அதே நொடியில் வருகிறது. இத்தனைக்குக் கீழே கேட்டால் தானாகவே மறுத்துவிடு என்று விற்பவர் முன்பே சொல்லி வைத்திருப்பார். முகத்தைச் சுளிப்பதற்கும் எதிரே ஆள் இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் மௌனம்தான். ஆனால் அங்கே பிடிக்க ஒரு கை இருக்கிறது. அவிழ்த்து ஓட்டிப் பார்க்க மாடும் இருக்கிறது.

அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள் மேல்தான் பழி முழுவதும் விழுகிறது. எனக்கு இதில் சம்மதமில்லை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் வியாபாரிகள் ஒரே விலை சொன்னார்கள். வாங்க நினைப்பதைவிட அதிகம் சொல்வது பொய் என்பது அவர்கள் கொள்கை. நியூயார்க்கில் ஏ.டி. ஸ்டுவர்ட், பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கர் எனப் பெரிய கடைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதையே நடைமுறையாக்கினார்கள். அந்தக் கடைகளுக்குப் பழகிய சமூகத்தில் பேரம் பேசும் நாகரிகமே மறந்துபோயிற்று. குறைத்துக் கேட்பார்கள் என்று தெரிந்தே ஏற்றி எழுதிய விலை, பேரத்தின் முதல் பொய். இரண்டாவது பொய்யை மட்டும் அவமானம் என்பது எப்படி?

விற்பவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஜான் லிஸ்ட் என்ற பொருளாதாரவாதி, ப்ளோரிடாவில் அட்டைக் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு இரண்டு நினைவுப் பொருள்களில் ஏதோ ஒன்றைக் கொடுத்து, விரும்பினால் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். 2003-ல் வெளியான அவர் கட்டுரைப்படி, தொழில்முறை வியாபாரிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்களில் கால்வாசிக்கும் குறைவு. சற்று முன்பு கைக்கு வந்த பொருளே இப்படி ஒட்டிக்கொள்கிறது என்றால், முப்பது வருஷம் அலமாரியில் இருந்த அட்டையைப் பற்றிக் கேட்கவேண்டாம். அவர் எழுதும் விலையில் அந்த வருஷங்களும் சேர்ந்திருக்கின்றன. 35 என்று எழுதும் அந்நியனுக்கு அது தெரிய வழியில்லை, சொல்லவும் இடமில்லை.

ஈபேயில் நடந்த இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பட்டியல்களின் பேரங்களை நான்கு பேர் ஆராய்ந்து 2020-ல் எழுதினார்கள். எல்லாவகைச் சரக்கும் அதில் அடக்கம். மூன்றில் ஒரு பங்கு உடனே படிந்துவிடுகிறது. எஞ்சியவை இழுத்து முடிகின்றன, அல்லது முறிகின்றன. இரண்டு எண்களுக்கும் நடுவில் சந்திக்க மனிதர்கள் ஆசைப்படுகிறார்கள் என்பது ஒரு முடிவு. சித்தாந்தங்களால் விளக்க முடியாத இன்னொன்று, நாட்கணக்கில் மாறி மாறி எண் அனுப்பிவிட்டு ஒன்றும் படியாமல் கலைந்துபோவது. படிந்த பேரத்திலும் ஒரு விசித்திரம். விற்ற அட்டையின் பக்கத்தில், முதலில் எழுதிய விலையை அடித்துக் காட்டுவதே அங்கே நெடுநாள் வழக்கம். உண்மையில் எதற்குப் படிந்தது என்பதைக் காட்டுவதில்லை. அதைத் தோண்டி எடுத்துக் கொடுப்பதற்கென்றே வேறு தளங்கள் வந்திருக்கின்றன. அடுத்த பேரத்தில் அந்த எண்தான் மேற்கோள்.