ஒப்பந்தமும் புகையும்

உலகில் மாறுதல் எவ்வாறு உண்டாகிறது என்னும் வினாவிற்கு அறிஞர் பலவாறு விடை பகர்வர். அறிவு பரவினால் மக்கள் திருந்துவர் என்பது ஒரு சாரார் கொள்கை. அரசுகள் கூடி ஒப்பந்தம் செய்தால் ஒழுங்கு தானே நிலைபெறும் என்பர் வேறு சிலர். இலாப நட்டமே மனிதனை நடத்துகிறது என்பர் மற்றுஞ் சிலர். இவற்றை ஏட்டில் வைத்து வாதிப்பதினும், நம் மூக்கில் ஏறிய புகையைக் கொண்டு சோதித்தல் நலமென்று கருதுகிறோம்.

ஒப்பந்தத்தின் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படுவதை முதலில் நோக்குவோம். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட ஒருவகை வாயு, கதிரவனின் கடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்குமென்று மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் 1974-இல் எடுத்துரைத்தனர். 1987-இல் மாண்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பின்னர் உலகத்து நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. அறிவு வென்றதென்று கொண்டாடுவோர், அவ்வுடன்படிக்கையின் ஒரு விதியை மறந்துவிடுகின்றனர். அதில் சேராத நாட்டோடு அவ்வாயுவில் வாணிபம் கூடாது என்பதே அது. மேலும், அதனை உற்பத்தி செய்த ஆலைகள் சிலவே. மாற்றுப் பொருளும் விரைவில் கைக்கெட்டிற்று.

இனி நம் புகைக்கு வருவோம். சுமத்திராவிலும் காலிமந்தானிலும், மக்கிய மரஞ்செடிகள் ஆழப் படிந்த சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடிப்பர். வடிந்த மண் விறகாகிறது. மேலே அணைந்த தீ அடியிலே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 1997-இல் அவ்வாறெழுந்த புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடிற்று. 2002-இல் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் பத்தும் ஒப்பந்தம் செய்தன. மீறினால் தண்டனை யாது? ஒன்றுமில்லை. பிணக்கு எழுந்தால் நட்புறவுடன் பேசித் தீர்த்துக்கொள்க என்று எழுதியதோடு சரி. தீ எரியும் நாடான இந்தோனேசியா அதனை உறுதிசெய்ததோ 2014-இல். மறு ஆண்டே, வறட்சியும் துணைபோக, அங்கு சுமார் 26 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது.

அவ்வாறாயின் தோட்டத்தார் இயல்பிலேயே தீயோரா? தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பழகிய நாம் அவ்வாறு கூறத் துணியோம். காடழிக்க இயந்திரம் வேண்டும், எண்ணெய் வேண்டும், கூலி வேண்டும், தீக்குச்சிக்கோ செலவில்லை. இருமும் குழந்தைக்கும், மூடிய பள்ளிக்கும், அப்புகையிலேயே நின்று குலை வெட்டும் தொழிலாளிக்கும் எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. மலேசியத் தோட்டங்களில், மறுநடவின்போது பழைய செம்பனைகளை எரிக்காது துண்டாக்கி, வரிசைகளுக்கிடையே மக்கவிடும் முறை 1980-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. ஆகவே குறை அறிவில் இல்லை. மலேசிய, சிங்கப்பூர் மூலதனம் சுமத்திராத் தோட்டங்களிலும் உண்டென்பதை மறைத்துவிட்டு அயலாரை மட்டும் பழித்தல் நேர்மையுமாகாது.

2013 ஜூனில் சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. மறு ஆண்டு அவ்வரசு இயற்றிய சட்டம், எல்லைக்கு அப்பால் தீயிட்ட நிறுவனத்துக்கும் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் வெள்ளி வரை, மொத்தம் 20 இலட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. நில வரைபடமும் வானிலிருந்து எடுத்த படமும் பொருந்திவிட்டால், தீ தம்முடையதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு நிலமுடையார் மேல் விழும். புகையின் செலவைப் பேரேட்டில் ஏற்ற இவ்வட்டாரத்தில் நிகழ்ந்த மெய்யான முயற்சி இதுவே என்போம். ஆயினும் சாட்சியும் கணக்கேடும் இருப்பது கடலுக்கு அப்பால். அங்கு அதிகாரி சென்று விசாரிக்க அந்நாட்டின் இசைவு வேண்டும்.