சரக்கு வண்டி நிற்கும் விதம்

வடக்கேயிருந்து சென்னைக்கு ரயிலேறும் நம்மவர்களுக்கு ஓர் இரவுக் காட்சி பழக்கமானது. பெயர்ப்பலகை கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒரு சிறு நிலையத்தில் நமது வண்டி நின்றுகொண்டிருக்கும். அடுத்த தண்டவாளத்தில் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று மெல்ல வந்து நிற்கும். அது நிற்கும்போது எழும் ஓசையைக் கூர்ந்து கேட்டிருக்கிறோமா? எஞ்சின் பக்கத்தில் தொடங்கும் ஓர் இரும்புச் சத்தம், வாகன் வாகனாகத் தாவி, நம் ஜன்னலைக் கடந்து, வண்டியின் வால்வரை ஓடி இருளில் மறையும். ஐம்பதுக்கு மேற்பட்ட வாகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னதன் மேல் பின்னது சற்றே சாய்ந்து, நிற்கக் கற்றுக்கொள்ளும் ஓசை அது.

சில மாதங்களுக்கு முன் நம் வீட்டுச் சிறுவன் ஒருவன் கணினியில் ரயில் சிமுலேட்டர் ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். எஞ்சினும், நிலையமும், கைகாட்டியும் அசல்போலவே திரையில் தோன்றின. ஐம்பத்தெட்டு வாகன்கள் கோத்த நிலக்கரி வண்டியை அவன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவந்தான். பிரேக் பிடியைத் திருப்பினான். வண்டி, மாட்டு வண்டியை மூக்கணாங்கயிற்றைச் சுண்டி நிறுத்தினாற்போல, அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த முறை காலி வாகன்களோடு ஓட்டினான். முன்னிலும் விரைவாக நின்றது. "இப்படி நிற்குமா?" என்று அவனே கேட்டான். அந்த ஐயம் நமக்கும் எழுந்தது. விடை தேடியபோது, அந்த விளையாட்டு வண்டி செய்யும் பிழைகளெல்லாம் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மனிதர் செய்து, உயிரும் பொருளும் இழந்து, திருத்திக்கொண்ட பிழைகள் என்று கண்டோம்.

ரயில் வண்டி தோன்றிய முதல் நாற்பது ஆண்டுகளில், அதனை ஓட்டும் கலை வளர்ந்த அளவுக்கு நிறுத்தும் கலை வளரவில்லை. அமெரிக்காவில் சரக்கு வண்டியின் ஒவ்வொரு வாகனின் கூரையிலும் ஒரு கைச்சக்கரம் இருக்கும். டிரைவர் விசில் ஊதியதும் பிரேக்மேன் எனப்படும் ஊழியர், ஓடும் வண்டியின் கூரைமேல் ஏறி, வாகனுக்கு வாகன் தாவிச் சென்று, சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருகி இறுக்க வேண்டும். மழையிலும் இப்படித்தான்; பனி உறைந்து கூரை கண்ணாடியாக வழுக்கும் மாரிக்கால இரவிலும் இப்படித்தான். தவறி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். வண்டி நிற்க எடுக்கும் தூரம் அந்த மனிதர்களின் கால் வேகத்தைப் பொறுத்திருந்தது என்றால் மிகையாகாது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869-ல், தமது இருபத்திரண்டு வயதில், அழுத்திய காற்றைக் குழாய் வழியே எஞ்சினிலிருந்து அனுப்பிப் பிரேக்குகளை இறுக்கும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். யோசனை எளியது, குறையும் எளியது. குழாய் எங்கேனும் அறுந்துவிட்டால் வண்டிக்குப் பிரேக்கே இராது. ஆகவே 1872-ல் அவர் தம் யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒரு துணைக் காற்றுத்தொட்டியை வைத்தார். குழாயில் காற்றழுத்தம் நிறைந்திருக்கும்வரை பிரேக் தளர்ந்திருக்கும், தொட்டியும் நிறைந்துகொண்டிருக்கும். டிரைவர் குழாயின் அழுத்தத்தைக் குறைத்தால், 'டிரிபிள் வால்வு' என்னும் சிறு கருவி அதனை உணர்ந்து, தொட்டியின் காற்றைப் பிரேக் சிலிண்டருக்குள் திறந்துவிடும். குழாய் அறுந்தாலும் அழுத்தம் குறைவதால் வண்டி தானே நிற்கும். குழாய் இங்கே வலிமையைச் சுமந்து செல்வதில்லை, செய்தியை மட்டுமே சுமந்து செல்கிறது. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும்.

செய்தி போய்ச் சேர்ந்த பிறகு பிரேக் கட்டை சக்கரத்தைப் பற்றுகிறது. எவ்வளவு பலமாகப் பற்றுகிறது? இதனை முறையாக அளந்து பார்த்தவர் இங்கிலாந்தின் கேப்டன் டக்ளஸ் கால்ட்டன். இவர் மருத்துவமனைக் கட்டடங்களை வகுப்பதிலும் பெயர் பெற்றவர். அக்காலத்து எஞ்சினீயர்களுக்கு உலகமே ஒரு தொழிற்கூடம்போலும். 1878-ல் லண்டன் - பிரைட்டன் பாதையில், தானே பதிவு செய்யும் கருவிகள் பொருத்திய ஒரு வண்டியை ஓடவிட்டு, வெஸ்டிங்ஹவுஸின் உதவியோடு அவர் பரிசோதனை நடத்தினார். வேகம் மிகுந்தால் கட்டையின் பிடியும் ஒரே அளவாக இருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். கருவி வேறு கதை சொல்லிற்று. மணிக்கு 60 மைல் வேகத்தில் இரும்புக் கட்டையின் உராய்வு, 10 மைல் வேகத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருந்தது. அதாவது, எப்போது பிடி மிகவும் தேவையோ அப்போது அது மிகக் குறைவு. வண்டி நிற்கப் போகும் தறுவாயில்தான் அது கூடுகிறது. சக்கரம் சுழல்வதை அடியோடு நிறுத்தித் தண்டவாளத்தின்மேல் வழுக்கவிட்டால் வண்டி விரைவில் நிற்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. வழுக்கும் சக்கரம், சுழன்றுகொண்டே இறுக்கப்படும் சக்கரத்தைவிடக் குறைவாகவே வண்டியைத் தடுக்கிறது என்று அவர் காட்டினார்.

நம் சிறுவனின் வண்டியில் முதலில் அகப்பட்ட கோளாறு இதுதான். வாகனுக்குரிய கோப்பில் பிரேக்கின் பலம் என ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. எல்லா வேகத்துக்கும் அந்த ஓர் எண்ணே. கால்ட்டன் பிறக்கவே இல்லை என்பதுபோல் அந்த உலகம் இயங்கிக்கொண்டிருந்தது! இக்காலத்து வாகன்களில் இரும்புக் கட்டைக்குப் பதிலாகக் கலவைப் பொருளால் ஆன கட்டைகள் பெரிதும் வந்துவிட்டன. வேகத்தோடு அவற்றின் பிடி அவ்வளவாக மாறுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அவற்றைச் சக்கரத்தில் அழுத்தும் பலமும் இரும்புக் கட்டைக்கு வேண்டியதைவிடக் குறைவு. இரும்புக் கட்டைக்கான பலத்தையும் கலவைக் கட்டையின் பிடியையும் சேர்த்து எழுதிவிட்டால், வண்டி சுவரில் முட்டினாற்போல்தான் நிற்கும்.

எனினும் சரக்கு வண்டியின் உண்மையான சிக்கல் கட்டையில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. இதனை உலகம் கற்றுக்கொண்ட இடம் அமெரிக்காவில் அயோவா மாநிலத்துப் பர்லிங்டன் நகரம். 1886-ம் ஆண்டு கோடையில், வாகன் கட்டுவோர் சங்கம் அங்கே ஒரு பெரும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது. ஐம்பது வாகன்கள் கொண்ட வண்டிகள் கொண்டுவரப்பட்டன. காற்றழுத்தப் பிரேக், வெற்றிடப் பிரேக், வாகன்கள் நெருங்கும்போது அவற்றின் மோதலையே பலமாக்கி இறுக்கும் பிரேக் எனப் பலவகையும் போட்டியில் இறங்கின. பிரயாணி வண்டிகளில் பல ஆண்டுகளாக வெற்றியோடு ஓடிய வெஸ்டிங்ஹவுஸ் பிரேக் எளிதில் வெல்லும் என்று எதிர்பார்த்தவர் பலர்.

நடந்தது வேறு. அபாய நிறுத்தம் செய்து பார்த்தபோது, முன் வாகன்களில் பிரேக் முழுவதும் இறுகிய பின்னரும் அழுத்தக் குறைவு என்னும் செய்தி பின் வாகன்களை எட்டவில்லை. முன்பாதி நிற்க முயன்றது. செய்தி அறியாத பின்பாதி முழு வேகத்தில் வந்து அதன்மேல் மோதிற்று. இணைப்புகளில் இருந்த தளர்ச்சியெல்லாம் ஒரே கணத்தில் ஒடுங்க, கடைசி வாகன்களில் பேரதிர்ச்சி உண்டாயிற்று. பத்துப் பெட்டிகள் உள்ள பிரயாணி வண்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை, ஐம்பது வாகன்களில் பூதமாக வளர்ந்து நின்றது. எந்த வகைப் பிரேக்கும் தேறவில்லை.

மறு ஆண்டு, 1887 மே மாதத்தில், திருத்திய கருவிகளோடு மீண்டும் கூடினார்கள். நேரம் குறைந்திருந்தது, அதிர்ச்சி தீரவில்லை. மின்சாரத்தால் எல்லா வால்வுகளையும் ஒரே நேரத்தில் இயக்கினால்தான் உய்யலாம் என்ற முடிவுக்குப் பரிசோதனைக் குழுவினர் வந்தனர். ஆயிரக்கணக்கான வாகன்களில் மின்கம்பி இணைத்துக் காப்பது அந்நாளில் எளிதன்று என்பதை வெஸ்டிங்ஹவுஸ் அறிந்திருந்தார். தமது கருவியின் சாவோலையாகவே தோன்றிய அந்த முடிவைக் கேட்டு அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, பட்டறைக்குத் திரும்பினார். சில மாதங்களுக்குள் புதிய டிரிபிள் வால்வு பிறந்தது. அபாய நிறுத்தத்தின்போது ஒவ்வொரு வாகனின் வால்வும் தன் இடத்திலேயே குழாய்க் காற்றைத் திறந்து சிலிண்டருக்குள் விடும். அதனால் அடுத்த வால்வு விழிக்கும். அது தன் காற்றைத் திறக்கும். தெருமுனையில் கேட்ட செய்தியை வீட்டுக்கு வீடு கூவிச் சொல்வதுபோல, செய்தி வலுவிழக்காமல் வால்வரை ஓடிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே ஐம்பது வாகன் வண்டி ஒன்றை அவர் அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கு அனுப்பி, அதிர்ச்சியின்றி அது நிற்பதை ஊரறியக் காட்டினார்.

இதன் பின்னரே சட்டம் வந்தது. கைப் பிரேக்குக்குப் பலியான தொழிலாளருக்காக ஊர் ஊராகச் சென்று வாதாடிய லொரென்ஸோ காஃபின் என்னும் அயோவாக்காரரின் முயற்சிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. 1893 மார்ச் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிஸன் கையெழுத்திட்ட அச்சட்டம், கூரைமேல் மனிதர் ஏறாமலே டிரைவர் வண்டியை ஆளும் அளவுக்கு வாகன்களில் பிரேக் இருக்க வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்திலோ 1889-ல் அயர்லாந்தின் ஆர்மா நகரருகே 80 உயிர்களைக் கொண்ட கோர விபத்துக்குப் பிறகு, பிரயாணி வண்டிகளுக்கு மட்டும் தொடர் பிரேக் கட்டாயமாயிற்று. சரக்கு வண்டிகள் அங்கே மேலும் பல பத்தாண்டுகள் கார்டு வண்டியின் கைப் பிரேக்கை நம்பியே ஓடின.

நம் நாட்டில் நெடுங்காலம் ஆட்சி செய்தது வெற்றிடப் பிரேக். அதில் சிலிண்டரை இயக்குவது வெளிக்காற்றின் அழுத்தமே ஆதலால், அதன் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. வண்டி நீண்டு, பாரம் மிகுந்தபோது அது போதவில்லை. 1980-களில் பாக்ஸ்-என் வாகன்கள் பெருகியதோடு சரக்கு வண்டிகளில் காற்றழுத்தப் பிரேக் பரவிற்று. அந்த வாகனின் கணக்கு சுவையானது. காலியாக இருந்தால் அதன் எடை சுமார் 22.5 டன், நிலக்கரி நிரம்பினால் 81 டன்னுக்கு மேல். நிறைந்த வாகனை நிறுத்தும் பலத்தைக் காலி வாகன்மேல் செலுத்தினால், அது மூன்றரை மடங்கு கடுமையாகத் தடுக்கப்பட்டுச் சக்கரம் பூட்டி வழுக்கும். சக்கரத்தின் வட்டம் தேய்ந்து தட்டையாகும். ஆகவே காலி, பாரம் என இரு நிலை காட்டும் நெம்புகோல் ஒன்றை வாகனின் பக்கத்தில் வைத்தார்கள். பிற்காலத்து வாகன்களில் எடையைத் தானே உணரும் கருவி வந்தது. நம் சிறுவனின் காலி வண்டி அத்தனை விரைவாக நின்றதன் இரகசியம் இதுவே: அவனது கோப்பில் அந்த நெம்புகோல் என்றும் 'பாரம்' பக்கமே திரும்பியிருந்தது.

மற்றொன்றும் உண்டு. பிரயாணி வண்டியில் சிலிண்டர் நிரம்ப 3 முதல் 5 நொடி ஆகும். சரக்கு வண்டியில் 18 முதல் 30 நொடி. தளர்வதற்கு 45 முதல் 60 நொடி. இந்தத் தாமதம் குறையன்று; வேண்டுமென்றே வைத்தது. ஐம்பத்தெட்டு பாக்ஸ்-என் வாகன்கள் கோத்தால் அறுநூறு மீட்டருக்கு மேல் நீளும். செய்தி நொடிக்கு 250 மீட்டர் ஓடினாலும் கடைசி வாகனை எட்ட இரண்டரை நொடி ஆகும். முன்வாகன் அதற்குள் முழுதும் இறுகிவிடாமல் மெல்ல இறுகினால்தான் பர்லிங்டனில் கண்ட மோதல் நேராது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினேழு மீட்டரளவு ஓடுகிறது. பிரேக் முழுப்பலம் பெறுமுன்னரே நூற்றுக்கணக்கான மீட்டர் கடந்துவிடும். சிமுலேட்டரின் கோப்பை எழுதியவர் பிரயாணி வண்டியின் நொடிகளைச் சரக்கு வண்டிக்கு எழுதியிருந்தார்.

விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். டிரைவர்களும் இன்று சிமுலேட்டரில் பயிற்சி பெறுகிறார்கள் என்பதை மறக்கலாகாது. காற்றுப் பிரேக்கைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் என்ன செய்யும் என்பதற்குக் கனடாவின் லாக்-மெகாந்திக் ஊர் சாட்சி. 2013 ஜூலை மாதத்தில் எண்ணெய் ஏற்றிய 72 தொட்டி வாகன்கள் கொண்ட வண்டி ஒன்றைச் சரிவான பாதையில் இரவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கைப் பிரேக்குகளைப் போதிய அளவு இறுக்காமல், எஞ்சினின் காற்றுப் பிரேக்கையும் நம்பியிருந்தார்கள். எஞ்சினில் தீப்பிடித்தது, தீயணைப்போர் அதனை அணைத்தபோது எஞ்சினும் நிறுத்தப்பட்டது. காற்று சிறிது சிறிதாகக் கசிந்து தீர்ந்தது. வண்டி தானே உருண்டு ஊருக்குள் பாய்ந்து தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் மாண்டனர். நின்ற வண்டியைப் பிடித்து வைத்திருக்க, அந்தப் பழைய கைச்சக்கரமே இன்றும் வேண்டியிருக்கிறது.

நாமும் சிறுவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அமர்ந்து கோப்பைத் திருத்தினோம். முதலில் ஒரே ஒரு வாகனை எஞ்சினில் கோத்து, காலியாகவும் பாரத்தோடும் நிறுத்திப் பார்த்தோம். பலத்தைச் சரிசெய்த பிறகே நிரம்பும் நொடியையும் தளரும் நொடியையும் மாற்றினோம். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. இறுதியில் ஐம்பத்தெட்டையும் கோத்தோம். பையன் வழக்கமான இடத்தில் பிரேக் பிடியைத் திருப்பினான். வண்டி சிறிது நேரம் ஒன்றுமே கேளாததுபோல் ஓடிற்று. பின்னர் மெல்லத் தயங்கிற்று. சிவப்புக் கைகாட்டியைக் கடந்து வெகுதூரம் சென்றே நின்றது. அவன் முகம் வாடிவிட்டது. மறு முறை, கைகாட்டி கண்ணுக்குத் தெரியுமுன்னரே, முந்திய மஞ்சள் விளக்கைக் கண்டதும் அவன் கை பிடிக்குச் சென்றது.